ஒயின் லேபிளுக்கு கோதிக் எழுத்து: எந்த ஃபான்ட் எடுக்கலாம்? இது நாஜி எழுத்தா?

ரைன்கரை எழுதியது:

வணக்கம். ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். சுற்றிலும் திராட்சைத் தோட்டம்தான். எதிர்வீட்டுக் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒயின் செய்கிறது. நான் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்வது அவர்களுக்குத் தெரியும். தங்கள் சில்வானர் ஒயினுக்குப் புது லேபிள் செய்து தரச் சொன்னார்கள். லேபிளில் வருவது மூன்றே சொல்: குடும்பப் பெயர், சில்வானர் (திராட்சை வகை), ஷ்பேட்லேசெ (தாமதமாகப் பறித்த திராட்சையின் ஒயின்). கீழே வருடம்.

ஊரில் பழைய விடுதிப் பலகைகள் எல்லாம் கூர்கூரான எழுத்தில் இருக்கும். அதனால் நானும் அதையே எடுத்தேன். ஃபான்ட் தேடும்போது "கோதிக்" என்று அடித்தால் செஞ்சுரி கோதிக், ஃபிராங்க்ளின் கோதிக் என்று வழவழப்பான சாதாரண எழுத்துகள்தான் வருகின்றன. கடைசியில் ஓர் இலவசத் தளத்தில் ஓல்ட் இங்கிலிஷ் வகை ஒன்று கிடைத்தது. மூன்று சொல்லையும் முழுக்க கேப்பிடலில் போட்டு, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, கறுப்பில் தங்க நிறம் கொடுத்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கொண்டுபோய்க் காட்டினேன். அந்த வீட்டுப் பாட்டிக்கு 91 வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். பேரன் அதைவிட மோசம்: "இது நாஜி போஸ்டர் மாதிரி இருக்கிறது, இதை ஒட்டி விற்க முடியாது" என்றான். எனக்கு முகமே தொங்கிப்போய்விட்டது.

இந்த எழுத்து உண்மையிலேயே நாஜிகளுடையதா? அப்படியானால் விட்டுவிடுகிறேன். இல்லையென்றால், இன்றைக்குள்ள ஆட்கள் படிக்கிற மாதிரி, இதே சாயலில் புதிதாக வரைந்த ஃபான்ட்கள் உண்டா? பாட்டிக்கு ஏன் படிக்க வரவில்லை என்பதும் புரியவில்லை. அவர் இந்த எழுத்தில்தானே படித்திருப்பார்?

---

பட்டைநிப் எழுதியது:

தங்கை, முதலில் பாட்டியின் பக்கம் பேசிவிடுகிறேன். அவரால் படிக்க முடியாதது அவர் குற்றமில்லை. இந்த எழுத்தைச் சின்ன வயதிலிருந்து படித்த யாராலும் நீங்கள் போட்டதைப் படிக்க முடியாது. கோதிக் வகையில் பெரிய எழுத்து என்பது சொல்லின் வாசலில் நிற்கும் ஒரே ஒரு அலங்கார எழுத்து. பக்கத்தில் ஒல்லியான சின்ன எழுத்துகள் வரும் என்று எதிர்பார்த்தே அதை அப்படி வளைத்து வரைந்தார்கள். ஒன்பது வாசல்களை வரிசையாக நிறுத்தினால் வீடு எங்கே? பழைய ஜெர்மன் அச்சகங்களில் ஒரு சொல்லை முழுக்கப் பெரிய எழுத்தில் கோக்க மாட்டார்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவதும் வெறும் அழகுக்காக இல்லை. சாய்வெழுத்து இல்லாத வகை என்பதால், ஒரு சொல்லை அழுத்திச் சொல்லவேண்டிய இடத்தில் மட்டும் இடைவெளி விட்டுக் கோத்தார்கள்.

நான் இருபத்தைந்து வருடமாக பட்டை நிப்பில் எழுதிப் பழகுகிறவன். கணினியை மூடிவிட்டு ஒரு நாள் பட்டை நிப்பை 45 பாகை சாய்த்துப் பிடித்து ஒரு வரி எழுதிப் பாருங்கள். பேனாவே சொல்லிவிடும். வளைவு வரவேண்டிய இடத்தில் கை நின்று, திரும்பி, மறுபடி இறங்கும். அதனால்தான் ஜெர்மன்காரர்கள் இதை "உடைந்த எழுத்து" என்கிறார்கள். இந்த வகையில் ஒன்றான ஃப்ராக்டூரின் பெயரும் எலும்பு ஃபிராக்சர் ஆனது என்கிறோமே, அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். கோடுகள் கம்பி வேலி மாதிரி ஒரே இடைவெளியில் நிற்கும். கோடு எவ்வளவு தடிமனோ கிட்டத்தட்ட அவ்வளவே வெள்ளை. அந்த வெள்ளையில் நீங்கள் கை வைத்ததும் வேலி சரிந்துவிட்டது.

நீங்கள் தேடியபோது வழவழப்பான எழுத்து வந்ததற்கும் காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கால் இல்லாத (கோட்டு முனையில் சின்னக் குறுக்குக்கோடு இல்லாத) எழுத்துக்கு கோதிக் என்று பெயர் வைத்தார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. "பிளாக்லெட்டர்" அல்லது "ஃப்ராக்டூர்" என்று தேடுங்கள். இவற்றுக்குள்ளேயே குடும்பங்கள் உண்டு. உங்கள் மைன்ஸில் 1455 வாக்கில் குட்டன்பெர்க் பைபிளை அச்சிட்டது டெக்ஸ்டூராவில்; நெருக்கமாக, செங்குத்தாக இருக்கும். இத்தாலியில் பரவிய ரோட்டுண்டா உருண்டையானது. ஷ்வாபாஹர் கொஞ்சம் நாட்டுப்புறத்தனமானது. ஃப்ராக்டூர் 1510களில் பேரரசர் முதலாம் மாக்சிமிலியனின் புத்தகங்களுக்காக உருவானது, யானைத் தும்பிக்கை போல் சுருளும் பெரிய எழுத்துகளோடு. உங்கள் ஓல்ட் இங்கிலிஷ் இந்த வரிசையில் டெக்ஸ்டூராவின் இங்கிலாந்துப் பிள்ளை. ரைன் கரை லேபிளில் அது வெளியூர்க்காரன்தான்.

இனி பேரன் சொன்னது. அவன் பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். 1933க்குப் பிறகு டானன்பெர்க், எலமென்ட், நேஷனல் என்று ஒரு கூட்டம் எழுத்துகள் வந்தன. பழைய கோதிக்கிலிருந்து பேனாவின் மெல்லிய கோடுகளையெல்லாம் சீவி, விறைப்பாக நிறுத்திய உருவங்கள். "முழங்கால் பூட்ஸ் எழுத்து" என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயரே அவற்றுக்கு உண்டு. அவன் கண்ணில் படுவது அந்த விறைப்பு. இன்றைக்கும் அந்தக் கட்சியை நினைத்து ஏங்குகிறவர்கள் சட்டையில் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் அதே அரசு 1941 ஜனவரி 3ஆம் தேதி நாஜிக் கட்சியின் உயர் அதிகாரி மார்ட்டின் போர்மன் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: கோதிக் எழுத்து ஜெர்மானியர்களுடையது அல்ல, அது "ஷ்வாபாஹர் யூத எழுத்து", இனிமேல் பள்ளியிலும் அலுவலகத்திலும் ரோமன் எழுத்துதான் (இன்று ஆங்கிலத்தில் நாம் படிக்கும் சாதாரண எழுத்து) என்று. அந்தத் தாளின் தலைப்பே கோதிக்கில் அச்சாகியிருந்தது. சொன்ன காரணம் அப்பட்டமான பொய். போரில் கைப்பற்றிய நாடுகளில் அந்த எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை என்பது நடைமுறைத் தேவை. உங்கள் பாட்டி முதல் வகுப்பில் ஓர் எழுத்தும் அடுத்த வருடம் வேறோர் எழுத்தும் படித்திருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

பேரனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்.

ஒன்று, பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் நெற்றியில் "ஜெர்மன் மக்களுக்கு" என்று இருக்கிறதே, தினம் தொலைக்காட்சிச் செய்தியில் வருமே, அது ரோமனும் கோதிக்கும் கலந்த எழுத்து. பீட்டர் பேரன்ஸும் அன்னா சிமோன்ஸும் வரைந்தது. 1916இல் அதை வெண்கலத்தில் வார்த்தது லோவி என்ற யூதக் குடும்பத்தின் பட்டறை. அந்தக் குடும்பத்தில் சிலரைப் பின்னால் நாஜிகள் கொன்றார்கள்.

இரண்டாவது எனக்கு இன்னும் நெருக்கமானது. உங்களுக்கு ரயிலில் போய்வரும் தூரத்தில் ஆஃபன்பாஹ் இருக்கிறது. கிளிங்ஸ்போர் எழுத்து வார்ப்பகம் அங்கேதான் இருந்தது. ரூடால்ஃப் கோக் 1906இலிருந்து அதற்கு எழுத்து வரைந்தார். கோதிக்கைப் பழம்பொருளாகப் பார்க்காமல் கையால் எழுதி எழுதிப் புதிதாக்கியவர் அவர். அவருடைய மாணவர் பெர்த்தோல்ட் வோல்பே. ஆஃபன்பாஹில் 1905இல் பிறந்த யூதர். 1935இல் தொழில் செய்யத் தடை விதித்தார்கள், இங்கிலாந்துக்குப் போய்விட்டார். லண்டன் சிட்டி பகுதித் தெருப் பெயர்ப் பலகைகளில் இருக்கும் ஆல்பர்டஸ் அவர் வரைந்ததுதான். அப்படித் துரத்தப்பட்ட மனிதர், அங்கே போய் 1930களின் பிற்பகுதியில் மோனோடைப் நிறுவனத்துக்கு வரைந்து கொடுத்த எழுத்துகளில் ஒன்று சாக்ஸன்வால்ட். அது கோதிக். தன் ஆசிரியரிடம் கற்ற எழுத்தை அவர் நாஜிகளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2017இல் மோனோடைப் அந்த சாக்ஸன்வால்டை தோஷி ஓமகாரி கையால் மறுபடி வரையவைத்து டிஜிட்டலாக வெளியிட்டது. பெரிய எழுத்துகளில் சுருள் குறைவு, உடம்பு திடமானது. என்னைக் கேட்டால் உங்கள் லேபிளுக்கு முதலில் அதைத்தான் வைத்துப் பார்ப்பேன். காசு கொடுத்து வாங்க வேண்டும்.

வேறு சிலவும் சொல்கிறேன். அலிசா நோவாக் வரைந்து டைப்டுகெதர் 2012இல் வெளியிட்ட எஸ்கபேடில், ரோமன், சாய்வு, ஃப்ராக்டூர் மூன்றும் ஒரே குடும்பம். பெயருக்கு ஃப்ராக்டூர், பின்பக்க விவரத்துக்கு ரோமன் என்று வைத்தால் ஒரே கை எழுதியது போல் இருக்கும். நெதர்லாந்து, ஃபின்லாந்து நண்பர்கள் சேர்ந்த அண்டர்வேர் குழுவின் ஃபக்கிர் 2006இல் வந்தது, கத்தி முனை மாதிரி. அழகுதான், ஆனால் உங்கள் பேரன் மறுபடி முகம் சுளிக்கலாம். டாம் கிரேஸின் கிவ்ரி 15ஆம் நூற்றாண்டு ஃப்ளாண்டர்ஸ் கையெழுத்திலிருந்து வந்தது, நடனம் ஆடும். உழவர் வீட்டு ஒயினுக்கு அது பட்டுச் சேலை. ரோட்டுண்டா வேண்டுமென்றால் கார்ல்கியோர்க் ஹேஃபரின் சான் மார்கோ. அவரும் ஆஃபன்பாஹ்காரர்தான். உங்கள் கார் நம்பர் பலகையில் இருக்கும் எழுத்தும் அவர் வரைந்ததே.

1990இல் கலிஃபோர்னியாவில் ஸூஸானா லிச்கோ வரைந்த டோட்டலி கோதிக்கையும், லண்டனில் ஜோனதன் பார்ன்புரூக் வரைந்த பாஸ்டர்டையும் லேபிளில் போடாவிட்டாலும் ஒரு முறை பாருங்கள். பேனாவை ஓரமாக வைத்துவிட்டு, கணினியில் துண்டு துண்டாக அடுக்கினால் கோதிக் என்ன ஆகும் என்று கேட்டவை அவை. இன்றைய ஃபான்ட்கள் பலவற்றுக்குத் துணிச்சல் அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

---

சுவடிவாசகி எழுதியது:

நான் தரங்கம்பாடி மிஷன் பற்றி ஆய்வு செய்கிறேன். ஹாலே நகரிலிருந்து 1710 முதல் வெளிவந்த மிஷன் அறிக்கைகள் முழுக்க ஃப்ராக்டூரில்தான் இருக்கின்றன. அதற்காக 32 வயதில் புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். அதனால் டிசைன் தெரியாவிட்டாலும், எந்த எழுத்து ஆளைத் தடுக்கி விழவைக்கும் என்று சொல்ல முடியும்.

பெரிய எழுத்துகளில் பி-யும் வி-யும், என்-னும் ஆர்-உம் இரட்டைப் பிறவிகள். சின்ன எழுத்தில் கே-யை டி என்று படித்துவிடுவோம். எக்ஸ் ஆர் மாதிரி இருக்கும். உங்கள் குடும்பப் பெயரில் இவற்றில் ஏதாவது இருந்தால், ஃபான்டை வாங்குவதற்கு முன் அந்தப் பெயரை மட்டும் அடித்துப் பாருங்கள். புது ஃபான்ட்கள் பலவற்றில் இந்த எழுத்துகளை ரோமன் உருவத்துக்குப் பக்கமாக மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் நீள எஸ். ஷ்பேட்லேசெ என்ற சொல்லில் இது வருகிறது, யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். ஃப்ராக்டூரில் சின்ன எஸ் இரண்டு உண்டு. அசையின் தொடக்கத்திலோ நடுவிலோ வந்தால் எஃப் மாதிரி உயரமான நீள எஸ், அசையின் முடிவில் வந்தால் வட்ட எஸ். விளையாட்டு இல்லை, பொருளே மாறும். வாஹ்-ஷ்டூபெ என்று பிரித்தால் காவலர் அறை, அங்கே நீள எஸ். வாக்ஸ்-டூபெ என்று பிரித்தால் மெழுகுக் குழாய், அங்கே வட்ட எஸ். இரண்டும் வேறெந்த எழுத்திலும் வேறுபடாது. நம் ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல், காலும் ரகரமும் ஒரே மாதிரி இருந்ததைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு கோட்டின் மதிப்பு தெரியும்.

உங்கள் ஊரில் "காஸ்ட்ஹவுஸ்" என்ற விடுதிப் பலகைகளைக் கவனியுங்கள். முதல் எஸ் நீளமாகவும் கடைசி எஸ் வட்டமாகவும் இருந்தால் எழுதியவருக்கு விஷயம் தெரியும். ரோமன் எழுத்தில் அடித்துவிட்டு ஃபான்டை மட்டும் மாற்றியிருந்தால் இரண்டும் வட்டமாக இருக்கும். ஷ்பேட்லேசெயின் நடு எஸ், முறைப்படி நீளமானது.

---

லேபிள்காரன் எழுதியது:

சிவகாசியில் லேபிள் அச்சுத்தொழில். ஒயின் இல்லை, ஊறுகாயும் ஊதுவத்தியும்தான், ஆனால் காகிதமும் மையும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மேடம், இந்த எழுத்தில் தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகள் இருக்கும். கறுப்புப் பின்னணியில் தங்க ஃபாயில் அடித்தால் அவை ஒன்று விட்டுப்போகும் அல்லது அப்பிக்கொள்ளும். சொரசொரப்பான காகிதம் என்றால் இன்னும் மோசம். வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மை போடுங்கள், ஃபாயிலை ஒரு ஓரக் கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு அளவில் ஒரு மாதிரி அடித்து, பாட்டிலில் சுற்றி, மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் பார்க்காமல் ஃபைலை அனுப்பாதீர்கள். பாட்டில் உருண்டை, ஓரத்து எழுத்து இன்னும் ஒல்லியாகத் தெரியும்.

காசு இல்லாமல் வேண்டுமென்றால், அர்ஜென்டினாவின் ஓம்னிபஸ்-டைப் வெளியிட்ட கிரென்ட்ஸெ கோடிஷ் நன்றாக இருக்கிறது. மெல்லியதிலிருந்து மிகத் தடியானது வரை ஒரே ஃபைலில் வேண்டிய கனத்தை இழுத்து வைத்துக்கொள்ளலாம், வணிகத்துக்கும் இலவசம். சரியான பழைய ஃப்ராக்டூர் வேண்டுமென்றால் யூனிஃப்ராக்டூர் மகுன்டியா. மகுன்டியா என்றால் உங்கள் மைன்ஸின் லத்தீன் பெயர்தானாம். அதில் நீள எஸ் உண்டு, கே, எக்ஸ் போன்றவற்றை இன்றைய உருவத்துக்கு மாற்றும் வசதியும் உண்டு. டாட்டூவுக்காகச் செய்த இலவச ஃபான்ட்களில் பலவற்றில் மேலே இரண்டு புள்ளி வைத்த ஏ இருக்காது. ஷ்பேட்லேசெக்கு அது வேண்டுமே, முதலில் பாருங்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒயின் பெயரைப் போடும்போது, காப்பி-பேஸ்ட் செய்யும் "கோதிக் எழுத்து" ஜெனரேட்டர்களைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். அவை யூனிகோடில் கணிதக் குறியீடுகளாக வைத்திருப்பவை. தேடினால் பெயர் கிடைக்காமல் போகலாம். பார்வையற்றவர்களின் திரை வாசிப்பான் ஒவ்வொன்றையும் கணிதக் குறி என்று தனித்தனியாகப் படிக்கும், இல்லையென்றால் தாண்டிப்போகும். என் தம்பி திரை வாசிப்பான் பயன்படுத்துகிறவன், அதனால் இதைக் கண்ட இடத்திலெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

---

ரைன்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பட்டைநிப் ஐயா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை ஆஃபன்பாஹ் போனேன். மைன்ஸிலிருந்து எஸ்8 ரயில் மாறாமலே போகிறது. பேரனையும் கூட்டிப்போனேன். வோல்பே கதையை ரயிலிலேயே சொன்னேன். ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கிளிங்ஸ்போர் அருங்காட்சியகத்தில் கோக் எழுதியதை நேரில் பார்த்தபோது, "இது பூட்ஸ் எழுத்து இல்லை" என்று அவனே சொன்னான். மை திட்டுத்திட்டாக இருப்பதும் கை திரும்பிய இடமும் தெரிகிறது. திரையில் இத்தனை நாள் நான் என்ன பார்த்தேன் என்றே தெரியவில்லை.

சாக்ஸன்வால்ட், எஸ்கபேட் ஃப்ராக்டூர், கிரென்ட்ஸெ கோடிஷ் மூன்றிலும் ஒவ்வொரு மாதிரி அடித்து, காலி பாட்டில்களில் சுற்றி, அவர்கள் சமையலறை மேசையில் வைத்தேன். முதல் எழுத்து மட்டும் பெரியது, இடைவெளியைத் தொடவே இல்லை. பாட்டி கண்ணாடி இல்லாமலே மூன்றையும் படித்தார்! ஐயா ஊகித்தது சரி: 1940இல் முதல் வகுப்பில் ஃப்ராக்டூர் பாடநூல், அப்புறம் ஆசிரியர் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லித்தந்தாராம். எஸ்கபேடைக் காட்டி "இது பையன், மீசை வைக்கப் பார்க்கிறான்" என்றார். சாக்ஸன்வால்டைத் தடவிப் பார்த்து "இது எங்கள் வீட்டு எழுத்து" என்றார். அதையே வாங்கிவிட்டோம். பின்பக்கச் சின்ன விவரங்கள் சாதாரண ரோமனில்.

ஷ்பேட்லேசெயின் நடு எஸ்ஸில்தான் வீட்டில் சண்டை. பாட்டி பென்சிலை எடுத்து மாதிரியின் மேலேயே நீள எஸ் போட்டுவிட்டார். பேரனோ, வாங்க வருகிறவர்கள் "லேஃபெ" என்று படிப்பார்கள் என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? வருட எண்ணை எதில் போடுவது?

---

பட்டைநிப் எழுதியது:

பேரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் பாட்டி பக்கம். சில்வானர் பெரிய எழுத்தில் தொடங்கிவிடுவதால் சிக்கல் அந்த ஒரே ஓர் எஸ்ஸில்தான். சின்ன விவரத்தில் ரோமனில் "ஷ்பேட்லேசெ" எப்படியும் வருகிறது, தடுமாறுகிறவர்கள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். குடும்பப் பெயரிலும் எஸ் இருந்தால் அங்கும் அசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒன்றில் நீளம், இன்னொன்றில் தவறான வட்டம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அது கண்ணில் முள்ளாகக் குத்தும்.

வருடத்துக்கு அதே ஃபான்டின் எண்ணையே போடுங்கள், எழுத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக. பாட்டி பென்சிலில் போட்ட அந்த மாதிரித் தாளைத் தூக்கி எறிந்துவிடவில்லையே?